வகுப்பறைப் பாட்காஸ்ட்: கொங்குப் பகுதி ஆசிரியர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பள்ளியிலிருந்து வீட்டுக்குப் போகும் செய்திகளில் பெரும்பாலானவை எழுத்தாகவே போகின்றன. டைரியில் ஒரு வரி, கையொப்பம் கேட்கும் சுற்றறிக்கை, வாட்ஸ்அப் குழுவில் படம் பிடித்துப் போடப்படும் அறிவிப்பு ஆகிய எல்லாமே, பெற்றோர் ஓரிடத்தில் உட்கார்ந்து நிதானமாகப் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதப்படுகின்றன. திருப்பூரில் காலை எட்டரை மணிக்குப் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு வீடு திரும்புகிற தாய்க்கும், சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறிக் கூடத்தில் இரவு வேலை பார்க்கிற தந்தைக்கும், நாமக்கல்லில் லாரி ஏறினால் வாரக்கணக்கில் வெளிமாநிலச் சாலைகளில் இருக்கிற ஓட்டுநருக்கும் அந்த நிதானம் வாய்ப்பதில்லை. சிலருக்கு எழுத்துக் கூட்டிப் படிப்பதே கடினம். பலருக்குப் படிக்கத் தெரிந்தும் நேரம் கிடைப்பதில்லை. ஆனால் பேருந்தில் வரும்போதும், அடுப்படியில் நிற்கும்போதும், வண்டியை ஓரம் கட்டிச் சாப்பிடும்போதும் அவர்களால் கேட்க முடியும்.

வகுப்பு ஆசிரியர் தம் குரலிலும் குழந்தைகளின் குரலிலும் வாரம் ஒருமுறை சில நிமிடங்கள் பேசிப் பெற்றோருக்கும் மாணவருக்கும் அனுப்பும் ஒலிப்பதிவுத் தொடரையே இங்கே வகுப்பறைப் பாட்காஸ்ட் என்று சொல்கிறேன். தமிழ்நாட்டில் 2019 ஆகஸ்டில் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி மாநிலத்தின் எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான பாடத்தைக் கொண்டுசேர்க்கிறது. உங்கள் ஐந்தாம் வகுப்பில் இந்த வாரம் என்ன நடந்தது என்பதை அது சொல்ல முடியாது; சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வேலை உங்களுடையது. அதைச் செய்ய ஒரு கைப்பேசியும் சற்று அமைதியான அறையும் போதும். மற்ற எல்லாவற்றையும், அதாவது பதிவின் நீளம், மொழி, கோப்பின் அளவு, அனுப்பும் நேரம் ஆகியவற்றை, கேட்கப் போகிறவரின் வேலை நாளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். பள்ளியின் வசதியிலிருந்து தொடங்கும் முயற்சிகள் இரண்டு மாதத்தில் நின்றுவிடுவதற்குக் காரணம் இந்த வரிசை தலைகீழாக இருப்பதுதான் என்பது என் உறுதியான கருத்து.

முதல் படி: யார், எப்போது கேட்கப் போகிறார்கள்

மைக் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதிக்கொள்ளுங்கள். வீட்டில் இணைய வசதியுள்ள கைப்பேசி இருக்கிறதா, பகலில் அது யார் கையில் இருக்கிறது, பெற்றோர் வேலைக்குப் போகும் நேரமும் வரும் நேரமும் என்ன, வீட்டில் பேசும் மொழி எது, பள்ளிச் செய்தியைப் படிப்பது எளிதா கேட்பது எளிதா என்பவையே அவை. இவற்றைப் படிவமாக வீட்டுக்கு அனுப்பினால் படிக்கச் சிரமப்படுகிறவர்கள்தான் முதலில் விடுபட்டுப் போவார்கள். ஆகவே பெற்றோர் கூட்டத்தில் நேரிலும், வர இயலாதவர்களிடம் தொலைபேசியிலும் கேட்டு, நீங்களே குறித்துக்கொள்வது நல்லது.

பதில்களைப் பார்க்கும்போது உங்கள் வகுப்பின் படம் தெளிவாகும். திருப்பூர், அவிநாசி, பெருந்துறைப் பகுதிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து குடியேறிய தொழிலாளர்களின் குழந்தைகள் உங்கள் வகுப்பில் இருக்கலாம். தாளவாடி மலையில் வீட்டு மொழி கன்னடமாக இருக்கும். சமவெளியிலும் தெலுங்கும் கன்னடமும் பேசும் குடும்பங்கள் ஏராளம். தாயும் தந்தையும் வேலைக்குப் போன பிறகு கைப்பேசியும் குழந்தையும் அப்பாரு ஆத்தாவிடமோ, அப்புச்சி அமுச்சியிடமோ இருப்பதும் இங்கே வழக்கம். அப்படியானால் உங்கள் பாட்காஸ்டின் முதல் நேயர் ஒரு பாட்டியார். அவருக்குப் புரியாத சொல் எதுவும் அதில் இருக்கக் கூடாது.

வேலை நேரமும் முக்கியம். விசைத்தறி ஓடும் கூடத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது. அங்கே இருப்பவருக்கு மதியம் இரண்டு மணிக்கு அனுப்பும் பதிவு, மற்ற செய்திகளுக்கு அடியில் புதைந்துபோகும். பனியன் கம்பெனியில் கைமடியாகவோ (டைலருக்கு உதவியாளர்) டைலராகவோ இருப்பவருக்குச் சாப்பாட்டு நேரத்தில் சில நிமிடங்கள் உண்டு என்றாலும், அது அவருடைய ஓய்வு. பெரும்பாலான குடும்பங்களுக்குச் சனிக்கிழமை இரவு அல்லது ஞாயிறு காலை பொருந்தும். தோட்டங்காட்டு வேலை செய்யும் குடும்பங்களுக்கு இருட்டிய பிறகு, ஏழரை மணிக்கு மேல் சரியாக இருக்கும். எந்த நேரமானாலும் அதை மாற்றாதீர்கள். குறிப்பிட்ட நேரத்தில் வரும் என்று தெரிந்தால்தான் வீட்டில் கேட்கும் பழக்கம் வேர்பிடிக்கும்.

இரண்டாம் படி: அனுமதியும் எல்லைகளும்

தலைமை ஆசிரியரின் எழுத்துப்பூர்வமான ஒப்புதல் இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம். அரசுப் பள்ளியாக இருந்து, பதிவுகளைப் பொதுத்தளத்தில் வெளியிடும் எண்ணமும் இருந்தால், தலைமை ஆசிரியர் வழியாகக் கல்வி அலுவலகத்திற்கும் தெரிவித்துவிடுவது பாதுகாப்பானது. பள்ளி மேலாண்மைக் குழுவின் முன்பும் திட்டத்தை வையுங்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி அக்குழுவின் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எந்த நேரத்தில் அனுப்புவது, எதைப் பேசக் கூடாது என்பதில் அவர்கள் சொல்லும் யோசனைகள் ஆசிரியர் அறையில் தோன்றுவதைவிடப் பயனுள்ளவையாக இருக்கும்.

குழந்தையின் குரலைப் பதிவு செய்வதற்குப் பெற்றோரின் ஒப்புதல் தனியாகத் தேவை. 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாத அனைவரையும் குழந்தைகளாகவே கொள்கிறது; அவர்களுடைய தரவுகளைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும் என்பது அதன் அடிப்படை. பெயரோடு சேர்ந்த குரல் ஒருவரை அடையாளம் காட்டிவிடும் என்பதால் இதை வெறும் சடங்காக எண்ணக் கூடாது. ஒப்புதல் படிவத்தில் மூன்று நிலைகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: வகுப்புப் பெற்றோர் மட்டும் கேட்கலாமா, பள்ளி முழுவதும் கேட்கலாமா, வெளியாரும் கேட்கலாமா. படிவத்தை வாசித்துக் காட்டி, விளக்கி, பிறகு கையொப்பம் பெறுங்கள். வேண்டாம் என்று சொன்ன வீட்டுக் குழந்தையை ஒதுக்கிவிடாமல், கேள்வி எழுதுவது, நேரம் குறிப்பது, ஓசைகளைச் சேகரிப்பது போன்ற பொறுப்புகளை அக்குழந்தைக்குத் தரலாம்.

பாட்காஸ்டில் ஒருபோதும் இடம்பெறக் கூடாதவை சில உண்டு. தனிப்பட்ட மாணவரின் மதிப்பெண், நடத்தை பற்றிய குறை, கட்டணப் பாக்கி, உடல்நலம், குடும்பச் சூழல், சாதி, உதவித்தொகை ஆகிய எதுவும் வேண்டாம். "சிலர் வீட்டுப்பாடம் செய்வதே இல்லை" என்று பெயர் சொல்லாமல் கடிந்துகொள்வதும் வேண்டாம். கேட்கும் ஒவ்வொரு தாயும் அது தன் பிள்ளையைப் பற்றியது என்றே நினைத்துக்கொள்வார். கண்டிப்பும் கவலையும் நேரில் பேச வேண்டியவை. குழந்தையின் முழுப்பெயர், தெரு, வேன் வரும் நேரம் ஆகியவற்றையும் ஒலிப்பதிவில் சொல்லாதீர்கள். பெயர் மட்டும் போதும்.

பின்னணி இசை பற்றி ஒரு சொல். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் வகுப்பறைக் கற்பித்தலுக்குச் சில விலக்குகளைத் தருகிறது. ஆனால் திரைப்பாடலின் ஒரு துண்டை வெட்டி ஒட்டி இணையத்தில் வெளியிடுவதற்கு அந்த விலக்குகளை நம்ப முடியாது. தொடக்க இசை வேண்டுமென்றால் உங்கள் மாணவிகளின் கும்மித் தட்டையே பத்து நொடி பதிவு செய்துகொள்ளுங்கள். வேறெந்த வகுப்பிலும் இல்லாத அடையாளமாக அது அமையும். கதையோ பாடலோ வாசிக்க விரும்பினால், தமிழ்நாடு அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் கிடைக்கின்றன.

மூன்றாம் படி: ஒரு பதிவின் அமைப்பு

பெற்றோருக்கான வாரப் பதிவு மூன்று அல்லது நான்கு நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நிதானமாகப் பேசினால் ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய 100 தமிழ்ச் சொற்களைச் சொல்லலாம். ஆகவே நான்கு நிமிடத்திற்கு 400 சொற்கள், கையெழுத்தில் இரண்டு பக்கம். அதற்குள் நான்கு செய்திகள் அடங்கும்: இந்த வாரம் கற்றதில் ஒன்று, வீட்டில் செய்யக்கூடிய ஒன்று, நினைவில் வைக்க வேண்டிய தேதி, ஒரு குழந்தையின் குரல்.

இவற்றில் அதிகம் யோசிக்க வேண்டியது வீட்டில் செய்யக்கூடியது எது என்பதுதான். "குழந்தையைப் படிக்கச் சொல்லுங்கள்" என்று சொல்வதால் பயனில்லை. எழுதப் படிக்கத் தெரியாத தாயும் செய்யக்கூடியதாக, புதிய பொருள் எதுவும் வாங்கத் தேவையில்லாததாக, ஐந்து நிமிடத்தில் முடிவதாக அது இருக்க வேண்டும். பின்னம் நடத்திய வாரத்தில் ஒரு தேங்காய் மூடியை நான்கு சில்லாகக் கீறி, மூன்றை எடுத்தால் எத்தனை பங்கு என்று கேட்கச் சொல்லலாம். அளவைகள் நடத்திய வாரத்தில், சந்தையில் காய் வாங்கும்போது அரைக் கிலோவின் விலையைக் குழந்தையே கணக்கிடட்டும் என்று சொல்லலாம். பெற்றோருக்குத் தெரிந்த வேலையிலிருந்தே கணக்கை எடுக்கும்போது, பள்ளிப் படிப்பு தமக்கு எட்டாதது என்ற எண்ணம் அவர்களிடம் குறைகிறது. டஜன் கணக்கில் பீஸ் எண்ணிக் கட்டும் தாய்க்குப் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டை யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அவரே குழந்தைக்குக் கற்றுத்தரட்டும்.

பேச்சு மொழியில் எழுதுங்கள். சுற்றறிக்கையின் நடை காதுக்கு ஏறாது. மாதிரிக்கு ஒரு பதிவின் முற்பகுதியைத் தருகிறேன்:

"வணக்கமுங்க. இது அஞ்சாம் வகுப்பு, ஜூலை மாசம் மூணாவது வாரம். நான் உங்க பிள்ளைங்க வகுப்பு டீச்சர் பேசறனுங்க. இந்த வாரம் நாம பின்னம் படிச்சோம். ஒரு பொருளைச் சமமாப் பிரிச்சா ஒவ்வொரு பங்கையும் எப்படிச் சொல்றது, எப்படி எழுதறதுன்னு பிள்ளைங்களுக்கு இப்ப நல்லாத் தெரியுமுங்க. நாளைக்குத் தேங்காய் உடைக்கிறப்ப ஒரு மூடியை நாலு சில்லாக் கீறிக் குடுத்து, இதுல மூணை எடுத்தா எவ்வளவுன்னு கேட்டுப் பாருங்க. தப்பாச் சொன்னாலும் பரவாயில்லைங்க, சிரிச்சுக்கிட்டே மறுபடி கேளுங்க. அப்புறம் ஒரு தேதி. வர்ற வெள்ளிக்கிழமை, இருபத்தஞ்சாந் தேதி, மத்தியானம் மூணு மணிக்குப் பெற்றோர் கூட்டம். மறுபடி சொல்றனுங்க, வெள்ளிக்கிழமை, இருபத்தஞ்சாந் தேதி, மூணு மணி. ஷிப்ட்டு விட்டு வர முடியாதவங்க ஒரு மிஸ்டு கால் குடுங்க, நானே கூப்பிடறனுங்க."

இதில் கவனிக்க வேண்டியவை சில. தேதியும் கிழமையும் சேர்த்து, இரண்டு முறை சொல்லப்படுகின்றன. கேட்பவரால் மேலே சென்று மறுபடி படிக்க முடியாது அல்லவா? வகுப்பும் வாரமும் முதல் வாக்கியத்திலேயே வருகின்றன. வர இயலாதவருக்கு மாற்று வழி அதே மூச்சில் சொல்லப்படுகிறது. "வர வேண்டும்", "தவறினால்" போன்ற அலுவலகச் சொற்கள் இல்லை. இந்த வட்டாரத்தின் இயல்பான மரியாதைச் சொல்லாகிய "ங்க" இருப்பதாலேயே பெற்றோர் காது கொடுப்பார்கள்.

மாணவருக்கான பதிவு தனியாக இருப்பது நல்லது. பாடத்தின் ஒரு கருத்தை ஐந்து நிமிடத்தில் மறுபடி விளக்குவது, அம்மை வந்தோ, மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்குப் போயோ பள்ளிக்கு வராத மாணவருக்கு விடுபட்டதைச் சொல்வது, தேர்வுக்கு முன் கேள்வி கேட்டு ஐந்து நொடி நிறுத்திப் பதில் சொல்வது ஆகிய மூன்றுக்கும் ஒலிப்பதிவு மிகவும் பொருந்தும். கணக்கின் படிகள், வரைபடம், வேதிச் சமன்பாடு போன்ற கண்ணால் பார்க்க வேண்டியவற்றைக் குரலில் திணிக்க வேண்டாம். செய்யுள், வரலாறு, அறிவியல் கருத்து விளக்கம், ஆங்கில உச்சரிப்பு ஆகியவை காதுக்கு உரியவை.

நான்காம் படி: பதிவு செய்தல்

கைப்பேசியில் உள்ள ஒலிப்பதிவுச் செயலியே தொடங்கப் போதுமானது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வைத்துப் பேசினால் "ப", "ட" ஒலிகளின் காற்று மைக்கில் மோதாது. விமானப் பயன்முறையை இயக்கிவிட்டால் அழைப்பு இடையில் வராது. காலி வகுப்பறையின் வெறும் சுவர்கள் எதிரொலிக்கும். நூலக அறை, பாய் விரித்த அறை, புத்தக மூட்டைகள் அடுக்கிய சிறு அறை ஆகியவை மேல். கழுத்துப்பட்டியில் மாட்டும் சிறிய கம்பி மைக் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. குழந்தைகளின் மெல்லிய குரலைப் பிடிக்க அது பெரிதும் உதவும்.

கொங்குப் பகுதிக்கே உரிய இரண்டு தொல்லைகளைச் சொல்லியாக வேண்டும். ஒன்று காற்று. தென்மேற்குப் பருவத்தில், குறிப்பாக ஆனி, ஆடி மாதங்களில், பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் எப்படி வீசும் என்பதை அங்கே நிற்கும் காற்றாலைகளே சொல்லும். அந்த நாட்களில் மரத்தடியில் பதிவு செய்தால் குரலுக்குப் பதிலாக "புர்ர்" என்ற இரைச்சலே மிஞ்சும். மைக்கின் மேல் பஞ்சு உறை போட்டாலும் ஓரளவுதான் தடுக்கும். ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அறைக்குள்ளேயே, மேற்குப் பக்க ஜன்னலைச் சாத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

இன்னொன்று தறிச்சத்தம். மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சலை மென்பொருளால் பிற்பாடு குறைத்துவிட முடியும். விசைத்தறியின் அடி விட்டுவிட்டு விழுவதாலும், ஒவ்வோர் அடியும் குரலின் ஒலி எல்லைக்குள்ளேயே பரவுவதாலும், அதை நீக்க முயன்றால் குரலும் சேர்ந்து சிதையும். பள்ளிக்கு அருகில் தறிக்கூடம் இருந்தால் தறி நிற்கும் நேரத்தை அறிந்து அப்போது பதிவு செய்வதே வழி. மின்தடை அறிவிக்கப்படும் பராமரிப்பு நாள் இதற்கு மிகவும் ஏற்றது. அன்று மின்விசிறியும் ஓடாது, தறியும் ஓடாது.

பதிவைத் தொடங்கியதும் ஐந்து நொடி பேசாமல் இருங்கள். அந்த அமைதியே பிறகு இரைச்சலைக் குறைக்க மென்பொருளுக்குத் தேவைப்படும் மாதிரி.

ஐந்தாம் படி: திருத்தமும் கோப்பும்

பள்ளியின் கணினி ஆய்வகத்தில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். 2000ஆம் ஆண்டு முதல் கிடைத்துவரும் திறந்த மூல மென்பொருள் அது. பழைய கணினிகளிலும் ஓடும். செய்ய வேண்டியவை குறைவு. தொடக்கத்தில் விட்ட ஐந்து நொடி அமைதியைத் தேர்ந்தெடுத்து, இரைச்சல் குறைப்பு வசதியில் மாதிரியாகக் கொடுத்து, பிறகு முழுப் பதிவுக்கும் 6 முதல் 12 டெசிபல் வரை குறையுங்கள். அதற்கு மேல் போனால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். நீண்ட தடுமாற்றங்களை வெட்டுங்கள். சிறு தயக்கங்களையும் குழந்தை மூச்சு வாங்குவதையும் விட்டுவிடுங்கள், அவை மனிதக் குரலின் பகுதி. இறுதியில் ஒலியளவைச் சமப்படுத்தும் வசதியில் −16 எல்.யூ.எஃப்.எஸ் (காதுக்குக் கேட்கும் ஒலியளவை அளக்கும் அலகு) என்று அமைத்தால், ஆசிரியரின் குரலும் மாணவரின் குரலும் வாரந்தோறும் ஒரே அளவில் ஒலிக்கும். ஆப்பிள் பாட்காஸ்ட் பரிந்துரைக்கும் அளவும் அதுவே.

சேமிக்கும்போது எம்.பி.3 வடிவில், மோனோவாக (ஒற்றை ஒலித்தடமாக), 64 கே.பி.பி.எஸ் என்று தேர்ந்தெடுங்கள். அந்த அளவில் ஒரு நிமிடத்திற்கு அரை எம்.பி.க்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். நான்கு நிமிடப் பதிவு 2 எம்.பி.க்குள் அடங்கும். அதே பதிவைச் சுருக்கப்படாத வேவ் கோப்பாக அனுப்பினால் 20 எம்.பி.யைத் தாண்டும். தினசரி டேட்டா தீர்ந்துபோன கைப்பேசியிலும், சிக்னல் விட்டுவிட்டு வரும் தாளவாடி, பர்கூர் மலைக் கிராமங்களிலும் இந்த வேறுபாடுதான் பதிவு சென்று சேருமா சேராதா என்பதை முடிவு செய்கிறது.

ஆறாம் படி: கொண்டுசேர்த்தல்

பாட்காஸ்ட் என்றதும் ஸ்பாட்டிஃபை, ஆப்பிள், யூடியூப் ஆகிய தளங்கள் நினைவுக்கு வரும். வகுப்புச் செய்திக்கு அவை வேண்டாம் என்பதே என் அறிவுரை. அங்கே யார் வேண்டுமானாலும் கேட்கலாம், பிரதி எடுக்கலாம். ஒருமுறை வெளியே போனதைத் திரும்பப் பெற முடியாது. தவிரவும், நம் பெற்றோரில் பெரும்பாலோர் புதிதாக ஒரு செயலியை நிறுவிப் பள்ளிச் செய்தி கேட்க மாட்டார்கள். அவர்கள் ஏற்கெனவே திறந்து பார்க்கும் இடத்திற்கே பதிவு போக வேண்டும். இங்கே அது வாட்ஸ்அப்.

அதிலும் தேர்வுகள் உண்டு. குழு தொடங்கினால் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். தாய்மார்களில் பலர் இதை விரும்புவதில்லை, அவர்கள் தயக்கம் நியாயமானது. ஒளிபரப்புப் பட்டியலில் எண்கள் மறைவாக இருக்கும். ஆனால் உங்கள் எண்ணைத் தம் கைப்பேசியில் சேமித்திருப்பவருக்கு மட்டுமே அது போய்ச் சேரும். ஆகவே முதல் பெற்றோர் கூட்டத்திலேயே ஒவ்வொருவரும் உங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு வகுப்புக்கு இதுவே மிகவும் பொருத்தம். குழுதான் வேண்டுமென்றால், நிர்வாகிகள் மட்டுமே செய்தி அனுப்பலாம் என்ற அமைப்பை முதல் நாளே இட்டுவிடுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு நடுவே பதிவு தொலைந்து போகாமல் இருக்க அதைத் தவிர வழியில்லை.

ஆண்ட்ராய்டு கைப்பேசியில் ஒலிக் கோப்பாக அனுப்பினால் பெறுபவரிடம் கோப்பின் பெயர் மாறிப்போகும்; ஆவணமாக அனுப்பினால் நீங்கள் இட்ட பெயரே நிற்கும். மாதம் கழித்துத் தேடுகிறவருக்கு இது உதவும். வகுப்பையும் வாரத்தையும் குரலிலேயே முதலில் சொல்ல வேண்டும் என்றதற்கு இதுவும் ஒரு காரணம். ஒவ்வொரு பதிவுடனும் நான்கு வரி எழுத்துச் சுருக்கத்தையும் சேர்த்து அனுப்புங்கள். காது கேளாத பெற்றோர் ஒருவர் இருந்தாலும் அவருக்கு அது மட்டுமே வழி. மற்றவர்களுக்கும் தேதியைச் சரிபார்க்க உதவும்.

பட்டன் கைப்பேசி மட்டும் உள்ள வீடுகளை மறக்க வேண்டாம். மெமரி கார்டு போடும் வசதி உள்ள கைப்பேசியானால், பள்ளியில் மாதம் ஒருமுறை நான்கு பதிவுகளை ஏற்றிக் கொடுக்கலாம். அதுவும் இல்லையென்றால் அந்தச் சில பெற்றோரை மட்டும் அழைத்து, தேதியையும் வீட்டுச் செயல்பாட்டையும் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். அவர்கள் எண்ணிக்கை குறைவு, தேவை அதிகம்.

பிற மொழி பேசும் குடும்பங்களுக்கு, இந்தியோ ஒடியாவோ தெரிந்த ஒரு பெரியவர் ஒரு நிமிடச் சுருக்கத்தைப் பேசிச் சேர்ப்பது சிறந்தது. மேல் வகுப்பு மாணவர் ஒருவர் உதவலாம் என்றாலும், கூட்டம், விடுமுறை, வீட்டுச் செயல்பாடு போன்ற பொதுச் செய்திகளுக்கு மட்டுமே அவரைப் பயன்படுத்துங்கள். இன்னொரு குடும்பத்தின் சிக்கலை மொழிபெயர்க்கும் பாரத்தை எந்தக் குழந்தையின் மேலும் வைக்கக் கூடாது.

ஏழாம் படி: பதில் வரும் வழி

ஒருவழிப் பேச்சு சில வாரங்களில் சலித்துப்போகும். ஒவ்வொரு பதிவின் முடிவிலும் ஒரே ஒரு கேள்வி கேட்டு, குரல்செய்தியாகப் பதில் அனுப்பச் சொல்லுங்கள். எழுதத் தயங்குகிற பெற்றோர் பேசத் தயங்குவதில்லை. "உங்க சின்ன வயசுல தண்ணி எங்கிருந்து எடுத்து வந்தீங்க?" என்ற கேள்விக்கு வரும் பதில்களைக் கொண்டே நீர்வளப் பாடத்தை நடத்திவிடலாம். பதில் அனுப்பியவரின் அனுமதியோடு அடுத்த பதிவில் ஒரு துண்டைச் சேர்த்தால், அந்த வீட்டார் எல்லோரும் கேட்பார்கள்.

உங்கள் நேரத்தையும் காத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில், எந்த ஒரு மணி நேரத்தில் குரல்செய்திகளைக் கேட்டுப் பதில் தருவீர்கள் என்பதை முதல் பதிவிலேயே சொல்லிவிடுங்கள். இரவு பத்தரைக்கு வரும் செய்திக்கு அப்போதே பதில் சொல்லத் தொடங்கினால், அந்த ஆசிரியர் அரையாண்டுத் தேர்வுக்குள் சோர்ந்துபோவார். பாட்காஸ்டும் அதோடு நிற்கும்.

எட்டாம் படி: குழந்தைகள் கையில் கொடுத்தல்

முதல் பருவம் முழுவதும் நீங்களே நடத்துங்கள். பழக்கம் ஊன்றிய பிறகு, மாதத்தில் ஒரு பதிவை மாணவர்களிடம் ஒப்படையுங்கள். இங்கேதான் இந்த முயற்சியின் உண்மையான செல்வம் இருக்கிறது. நான்கு பேர் கொண்ட குழுவில் ஒருவர் கேட்பவர், ஒருவர் பதிவாளர், ஒருவர் குறிப்பெடுப்பவர், ஒருவர் ஓசை சேகரிப்பவர். அடுத்த மாதம் பொறுப்புகள் மாற வேண்டும். எப்போதும் நன்றாகப் பேசும் பிள்ளையே பேசிக்கொண்டிருந்தால், பேசக் கற்க வேண்டிய பிள்ளைக்கு வாய்ப்பே வராது.

பேட்டி எடுக்க இந்த மண்ணில் ஆட்களுக்குப் பஞ்சமில்லை. சென்னிமலையில் தறிக்குழியில் கால் வைத்து நெய்பவர், பவானியில் ஜமக்காளம் நெய்பவர், ஈரோட்டுப் பக்கம் மஞ்சளை வேகவைத்துக் காயவைக்கும் விவசாயி, காங்கேயத்தில் கொப்பரைக் களம் வைத்திருப்பவர், கீழ்பவானி வாய்க்காலில் முறைத் தண்ணீர் பாய்ச்சுபவர் என்று ஒவ்வொரு ஊரிலும் பாடநூலுக்குள் வராத அறிவு உயிரோடு இருக்கிறது. ஈரோடு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது என்பதைப் பாடநூல் சொல்லலாம்; வெந்த மஞ்சளின் பதத்தை விரலால் அழுத்தி அறிவது எப்படி என்பதை ஓர் அமுச்சிதான் சொல்ல முடியும்.

ஆம், இல்லை என்று முடிந்துவிடும் கேள்விகளைத் தவிர்க்கப் பழக்குங்கள். "மஞ்சள் வேகவைப்பது கஷ்டமா?" என்பதற்கு ஒரு சொல்லில் பதில் வரும். "முதன்முதலாக நீங்கள் மஞ்சள் வேகவைத்த நாளில் என்னென்ன செய்தீர்கள்?" என்பதற்குக் கதை வரும். கேள்வி கேட்டபின் பதில் முடியும்வரை குறுக்கிடாமல் இருப்பதும், பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை எடுப்பதும் மொழிப் பாடத்தின் கேட்டல், பேசுதல் திறன்களே. தறியோசை, மாட்டுச் சலங்கை, வாய்க்கால் மடை திறக்கும் ஓசை ஆகியவற்றைப் பேட்டியிலிருந்து விலகித் தனியாக 20 நொடி பதிவு செய்யச் சொல்லுங்கள். பேச்சின் நடுவில் அவற்றை இணைத்தால், கேட்பவர் அந்த இடத்திற்கே போய்விடுவார்.

குழந்தைகளின் கொங்குத் தமிழைத் திருத்தாதீர்கள். பாடக் கருத்தைச் சொல்லும் பகுதியை அவர்கள் எழுத்து வழக்கில் வாசிக்கட்டும். பேட்டியும் உரையாடலும் வீட்டில் பேசுகிற தமிழிலேயே இருக்கட்டும். எந்த இடத்தில் எந்த வழக்கு என்று அறிந்து மாறி மாறிப் பேசுகிற பிள்ளை இரண்டையும் நன்றாகக் கற்றுக்கொள்கிறது. தன் ஆத்தாவின் பேச்சு மதிக்கப்படுவதைக் காதால் கேட்கிற பிள்ளைக்குப் பள்ளியும் தன் வீடே என்று தோன்றும்.

இத்தகைய பேட்டிப் பதிவுகளைப் பொதுத்தளத்தில் வெளியிடலாம். பேட்டி கொடுத்தவரின் ஒப்புதலும், மாணவரின் பெற்றோர் மூன்றாம் நிலைக்குத் தந்த ஒப்புதலும் கையில் இருக்க வேண்டும். வெளியிடுவதற்கு முன் ஆசிரியர் ஒருவர் முழுவதும் கேட்டிருக்க வேண்டும்.

ஆண்டு ஓட்டமும் கோப்புகளும்

ஜூனில் பள்ளி திறந்ததும் முதல் இரண்டு வாரம் கேள்விகள் கேட்டறியவும் ஒப்புதல் பெறவும் சரியாக இருக்கும். மூன்றாம் வாரத்தில் முதல் பதிவை அனுப்பலாம். காலாண்டு, அரையாண்டுத் தேர்வு வாரங்களில் புதிய பாடச் செய்தி வேண்டாம். தேர்வு அட்டவணையும், தூக்கம், காலை உணவு பற்றிய இரண்டு சொற்களும் போதும். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியர்கள் ஜனவரிக்குப் பிறகு பெற்றோரின் பதற்றத்தைக் கூட்டாமல் பேசுவதில் தனிக் கவனம் செலுத்த வேண்டும். மதிப்பெண் இலக்குகளைப் பாட்காஸ்டில் சொல்லவே வேண்டாம்.

பருவத்திற்கு ஒருமுறை, முதலில் கேட்ட ஐந்து கேள்விகளை மறுபடி கேளுங்கள். பெற்றோரின் ஷிப்ட் மாறியிருக்கும், எண் மாறியிருக்கும், சிலர் குடிபெயர்ந்திருப்பார்கள். யாரெல்லாம் கேட்கவில்லை என்று தெரிந்தால் ஏன் என்று அவர்களிடமே கேட்டு, நேரத்தையோ வழியையோ மாற்றுங்கள். கேட்டவர்களின் எண்ணிக்கையைவிட, கூட்டத்திற்கு வராமலேயே இருந்த ஒரு தந்தை குரல்செய்தி அனுப்பினாரா என்பதே நல்ல அளவுகோல்.

ஏப்ரலில் ஆண்டு முடியும்போது கோப்புகளைப் பிரித்துவிடுங்கள். அறிவிப்புகள் அடங்கிய வாரப் பதிவுகளை அழித்துவிடலாம். பாட விளக்கப் பதிவுகள் அடுத்த ஆண்டு அதே வகுப்பை எடுக்கும் ஆசிரியருக்குப் பயன்படும். அவற்றைப் பாடப் பெயரிட்டுப் பள்ளிக் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் வையுங்கள். பேட்டிகளை ஊர், தொழில், ஆண்டு குறித்துப் பள்ளி நூலகத்தில் சேருங்கள், பேட்டி கொடுத்தவரின் வீட்டுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். பெற்றோர் அனுப்பிய குரல்செய்திகளை உங்கள் சொந்தக் கைப்பேசியிலிருந்து நீக்கிவிடுங்கள். ஒப்புதல் படிவங்களை மட்டும் தலைமை ஆசிரியரிடம் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள்.